கை பழகும் காலம்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. 'பேரை' அன்று, 'வேரை' என்பதே சரியான பாடம் என்பாரும் உளர். பாடம் எதுவாயினும், வைத்தியர் கை பழகுவதற்கு எவரோ விலை கொடுக்கின்றனர் என்னும் அச்சம் அதில் ஒளிந்திருக்கிறது. அவ்விலையை அளந்தறிய இயலுமா என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

தொழிற்சாலைகளில் இத்தகைய அளவை முன்னரே உண்டு. செய்து முடித்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும், ஒரு விமானத்துக்கு வேண்டிய உழைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 1936-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் தியடோர் ரைட் எடுத்துக்காட்டினார். இதனைக் கோடாக வரைந்தால், முதலில் செங்குத்தாக இறங்கிப் பின்னர் மெல்லச் சமநிலை எய்தும். கற்றல் வளைகோடு என்பது இதுவே. தொழிற்சாலையில் முதல் விமானத்தின் குறை பெரும்பாலும் பொருள் நஷ்டத்தோடு ஒழியும்; ரண சிகிச்சையில் முதல் மேஜைமேல் கிடப்பது ஒரு மனித உயிரன்றோ?

பித்தப்பை சிகிச்சையை நோக்குவோம். வயிற்றை அகலக் கீறாமல், சிறு துளைகளின் வழியே உள்நோக்கியையும் கருவிகளையும் செலுத்திப் பித்தப்பையை அகற்றும் முறையை 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூயே என்னும் சர்ஜன் செய்து காட்டினார். 1990-இல், அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையில், டாக்டர் உத்வாடியா நம் நாட்டில் அதனைத் தொடங்கி வைத்தார். நோயாளிக்கு வலி குறைவு. வீடு திரும்புவதும் விரைவு. ஆயினும், திரையைப் பார்த்தவாறே கையை இயக்கும் வித்தை, பழுத்த அனுபவம் உடையோருக்கும் புதிது. பித்த நாளம் தவறி அறுபடுமாயின் விளையும் துன்பமோ பெரிது.

அமெரிக்கத் தென் மாநிலங்களைச் சேர்ந்த 55 சர்ஜன்கள் செய்த 8,839 சிகிச்சைகளின் கணக்கு 1995-இல் வெளியாயிற்று. நாளம் காயமுற்றவர் 15 பேர். அக்காயங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, அந்தந்த சர்ஜனின் முதல் 30 சிகிச்சைகளுக்குள் நேர்ந்தவை! முதல் சிகிச்சையில் ஆயிரத்துக்கு 17 என மதிப்பிடப்பட்ட அபாயம், ஐம்பதாவதில் அதன் பத்தில் ஒரு பங்காகியது.

இவ்வளவையிலும் எச்சரிக்கை வேண்டும். சிகிச்சைக்கு ஆகும் நேரத்தை மட்டும் அளந்தால், விரைவைத் திறமை என மயங்குவோம். கை தேர்ந்தவரிடம் கடினமான நோயாளிகளே மிகுதியாக வருவராதலின், அவர் கணக்கு தாழ்ந்து தோன்றுதலும் கூடும்.

கற்காமல் எவரும் வல்லுநர் ஆவதில்லை. புதியவரை விலக்கினால் நாளை வைத்தியரே இரார். ஆனால், செங்குத்தான அப்பகுதியை நோயாளியின் உடலில் கடக்க வேண்டுவதில்லை. மாதிரிக் கருவிகளில் பயின்று, தொடக்கத்தில் மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கடக்கலாம். எங்கே அபாயம் மிகுதி என்று அளந்ததனால் அன்றோ, எங்கே துணை வேண்டும் என்பது தெளிவாயிற்று!

தில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் நமக்கு, சொந்த ஊரைப்போல், விசாரித்துச் சொல்ல உற்றார் அருகில் இல்லை. ஆகவே நாமே பணிவுடன் வினவுவோம்: "இச்சிகிச்சையை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? தங்கள் கணக்கு என்ன கூறுகிறது?" நல்ல வைத்தியர் இதற்குச் சினவார், தம் கணக்கைத் தாமே வைத்திருப்பார்.