கட்டி ஏன் வலிக்கிறது?

சீழ்க்கட்டி வந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரியெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும். கிருமியை எதிர்க்க வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன, அந்த வீக்கம்தான் வலிக்கிறது என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம்.

2013-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் ஐசக் சியூ, கிளிஃபர்ட் வுல்ஃப் குழுவினர் எலிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கட்டிக்குக் காரணமான ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி வலி நரம்பை நேராகவே தாக்குகிறது. அது கக்கும் நஞ்சு நரம்புச் செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. உடனே நரம்பு அலறுகிறது. வெள்ளையணுக்கள் வந்து சேரட்டும் என்று வலி காத்திருப்பதில்லை.

எனக்குப் பெரிய வியப்பு அடுத்ததுதான். அலறும் நரம்பு மூளைக்குச் சேதி சொல்வதோடு நிற்பதில்லை. கட்டி இருக்கும் இடத்திலேயே சிறு புரதத் துணுக்குகளைச் சுரந்து, எதிர்ப்பு அணுக்களைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. வலி நரம்புகளை நீக்கிய எலிகளில் அந்த அணுக்கள் கூடுதலாகத் திரண்டன. நெறி கட்டுவதும் அதிகமானது.

நம் சதையே வீணாகச் சேதப்படாமல் காக்கத்தான் நரம்பு இப்படி அடக்குகிறது போலும். அந்தத் தயவையே வாய்ப்பாக்கிக்கொள்ளும் கிருமிகளும் இருக்கின்றன.