இருங்காட்டுக்கோட்டைப் பந்தயம்

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராமானுஜர். வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தக் கைங்கரியம் செய்தவர் அவதரித்த ஊர் அது. அடுத்த நினைவு, விடியுமுன் கம்பெனி பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் தொழிற்சாலைகள். அந்த ஊரைத் தாண்டிச் சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால், நம் மாவட்ட எல்லைக்குள்ளேயே, இந்தியாவின் முதல் நிரந்தரக் கார் பந்தயத் தடம் இருக்கிறது. இடம் இருங்காட்டுக்கோட்டை. திறந்த ஆண்டு 1990. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். நேயர்களில் எத்தனை பேர் அதை எட்டிப் பார்த்திருப்பார்கள்?

கார் வந்த கையோடு பந்தயமும் வந்துவிட்டது. 1894-இல் பிரான்ஸில் ஒரு பத்திரிகை பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு வண்டிகளை ஓடவிட்டுப் பார்த்தது. மறு ஆண்டு பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் எமில் லெவாசோர் கிட்டத்தட்ட 49 மணி நேரம் ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 24 கிலோமீட்டர்தான். நம் ஊர் ஷேர் ஆட்டோ சிரித்துவிட்டு முந்திப் போய்விடும். 1906-இல் முதல் கிராண்ட் பிரி, 1950-இல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி என்று விளையாட்டு வளர்ந்தது.

சென்னைக்கு அது வந்த வழி சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் போர் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் சும்மா கிடந்தது. 1950-களில் அங்கே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டத் தொடங்கினார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்னின்று நடத்தியது. பந்தய நாளில் ஊர் ஊராக ஜனம் திரண்டது. கோண்டல் மகாராஜாவும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களோடு வந்து ஓட்டினார்கள். ஆனால் சோழவரத்தின் உண்மையான நாயகர்கள் ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு ஆகிய வண்டிகள்தாம். இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலம் அது. வீட்டுக்கு வாங்கிய காரையே பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினைக் கடைந்து தேய்த்து, மெக்கானிக்குகள் அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். கார் பந்தயம் பணக்காரர் பொழுதுபோக்கு என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, பெயர் வெளியே வராத அந்த மெக்கானிக்குகளின் கைவேலை.

இந்தக் கைவேலையை அடுத்த படிக்கு ஏற்றியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800-இன் இன்ஜினை வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். பெரும் செல்வம் இல்லாத இளைஞர்களும் பந்தயக் காரில் ஏறிப் பழக அது வழி திறந்தது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் கோவையிலிருந்தே வந்தவர் நரேன் கார்த்திகேயன். முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம், ஐந்து புள்ளிகள். டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் என்று சிலர் இளப்பமாகச் சொல்வதுண்டு. சொல்லட்டும். அவருக்குப் பின் சென்னையின் கருண் சந்தோக்கும் அந்த மேடை ஏறினார். ஆனாலும் ஃபார்முலா ஒன்னில் இந்தியர் பெற்ற புள்ளிகள் இன்றுவரை அந்த ஐந்துதான்.

இனி, பார்க்கும் முறை. நேர்ப்பாதையில் யாரும் வேகமாகப் போகலாம். திறமை தெரிவது திருப்பத்தில். எங்கே பிரேக்கை மிதிக்கிறார், எந்தக் கோட்டில் உள்ளே நுழைகிறார், எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார் என்று கவனிக்க வேண்டும். முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் எதிர்க்காற்று குறையும். அந்த ஆதாயத்தைச் சேர்த்து வைத்து, அடுத்த வளைவில் உள்பக்கமாகப் பாய்வதுதான் முந்தும் வித்தை. மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, யாரும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிற்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும், வெறும் இரைச்சலாகக் கேட்டது ஆட்டமாகத் தெரியத் தொடங்கும்.

ஆபத்தை மறைப்பதில் பயனில்லை. 2023-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இரண்டு உயிர்கள் போயின. ஒருவர் 59 வயது அனுபவசாலி; மற்றவன் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுச் சிறுவன். அந்த வயதில் அந்த வேகம் வேண்டுமா என்ற கேள்வியை இந்த விளையாட்டை நேசிப்பவர்களே கேட்டாக வேண்டும்.

இந்த விளையாட்டின் செல்வாக்கைப் பொறுத்தவரை நம் நாட்டில் ஏற்றமும் இறக்கமும்தான். நொய்டா பக்கம் பெரும் செலவில் கட்டிய புத்தா தடத்தில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. மூன்று முறையும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வரித் தகராறில் அதோடு நின்றது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றிச் சுமார் 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையில், இரவு விளக்கில் ஃபார்முலா 4 ஓடியது. அரசுப் பணம் இதற்கா என்று ஒரு பக்கம் வழக்கும் வாதமும். இன்னொரு பக்கம் மழையையும் பொருட்படுத்தாமல் காத்திருந்த கூட்டம். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, பந்தயமே பார்க்காத வீடுகளிலும் அது பேச்சாயிற்று.

நட்சத்திரம் ஓட்டினால் பார்ப்பதும் ஒரு தொடக்கம்தான். ஆனால் தேசியப் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கும் தடம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வார இறுதியில் அங்கே பந்தயம் இருக்கிறதா என்று விசாரித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு மறக்க வேண்டாம்.