பட்டியலும் ஓடையும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே லயத்துக் காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமை நெடுங்காலக் குறையாகும். கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்தே உரியவர் கையைச் சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை நாள் கடந்த பின்னர் கிடைத்த கதைகள் அங்கு வழங்கி வருகின்றன. செய்தியே இல்லாமையால் நேர்ந்த இழப்பன்று அது. இருந்த செய்தி உரிய வேளையில் வந்து சேராமையால் நேர்ந்தது.

இக்காலத்தில் அத்தகைய அறிவித்தல்கள் பல இணையத்தில் வெளியாகின்றன. அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகின்றது; அரச பதவி வெற்றிடங்களும் விண்ணப்ப முடிவுத் திகதிகளும் அதில் இடம்பெறும். பரீட்சைத் திணைக்களமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தத்தம் தளங்களிலே அறிவித்தல்களை இடுகின்றன. ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவி ஒருத்தி, இவை போன்ற நாற்பது தளங்களின் இணைப்புகளைத் தன் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருக்கின்றாள் என்று கொள்க. நாற்பதையும் நாள்தோறும் திறந்து பார்ப்பது எளிதோ? காசும் கரையும், பொழுதும் கழியும். மூன்று நாள் பார்த்து ஒன்றும் காணாதவள் நான்காம் நாள் சோர்ந்துவிடுவாள். அவள் தேடிய அறிவித்தல் அந்த நான்காம் நாளிலேயே வந்திருத்தல் கூடும்.

பட்டியல் என்பது செல்ல வேண்டிய இடத்தைக் கூறுமேயன்றி, அங்கே புதியது வந்துள்ளதா என்பதைக் கூறாது. இக்குறையை நீக்க எழுந்ததே செய்தியோடை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் கற்ற இராமநாதன் குஹா, டான் லிபி என்பாருடன் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்தபோது, 1999 ஆம் ஆண்டு ஆர்.எஸ்.எஸ். என்னும் முறையை உருவாக்கினார். ஒரு தளத்தில் புதிதாக வெளியானவற்றின் தலைப்பு, முகவரி, திகதி ஆகியவற்றை ஒழுங்குற அடுக்கிய சிறு கோப்பே ஓடையாகும். ஓடைவாசிப்பான் என்னும் மென்பொருள் பல தளங்களின் கோப்புகளைத் தானே சென்று பார்த்து, புதியனவற்றை ஓரிடத்திற் சேர்த்துத் தரும்.

தமிழுக்கு இது புதிதன்று. தமிழ் வலைப்பதிவுகளைப் படிக்க விரும்பியோர் ஒரு காலத்தில் ஆர்வலர் தொகுத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்தனர். 2004 ஆம் ஆண்டு காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்னும் திரட்டியைத் தொடங்கியபின், எங்கோ எவரோ எழுதிய புதிய பதிவு உடனுக்குடன் ஒரே பக்கத்திற் காணக் கிடைத்தது.

பட்டியலை ஓடையாக்கும் வழி யாது? முதலில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓடை உண்டா என நோக்குதல் வேண்டும். உள்ளவற்றை வாசிப்பானிற் சேர்த்தால் போதும். இல்லாதவற்றுக்கு, குறித்த நேரத்தில் அப்பக்கத்தைப் பார்த்து, முன்பு கண்டதோடு ஒப்பிட்டு, புதிய இணைப்புகளை மட்டும் கோப்பில் எழுதும் சிறு நிரல் வேண்டும். ஒவ்வோர் உருப்படிக்கும் மாறாத அடையாளம் இருத்தல் அவசியம். இன்றேல் ஒரே அறிவித்தல் மீண்டும் மீண்டும் புதிதுபோல் வந்து நிற்கும். முதல் நாளிற் பழைய இணைப்புகள் யாவற்றுக்கும் அன்றைய திகதியை இட்டாலோ, மழைக்கால வெள்ளம்போல் அனைத்தும் ஒருங்கே பாய்ந்து, உண்மையிற் புதியது மறைந்துபோகும். நன்கு அமைந்த வாசிப்பான், முன்பு பார்த்தபின் மாற்றம் உண்டா என வினவி, இல்லையெனில் கோப்பை முழுவதும் பெறாமலே மீளும். சிறிய டேட்டாப் பொதியோடு மாதத்தை ஓட்டுவோர்க்கு இது பேருதவி.

சமூக ஊடகங்களும் செய்திகளை ஓடையாகத் தருகின்றனவே எனலாம். பெரட்டுக் களத்திலே எவருக்கு எந்த மலை என்பதைக் கங்காணி தீர்ப்பது போல, அங்கே எவர் கண்ணில் எது படும் என்பதை நிறுவனம் தீர்க்கின்றது. தானே அமைத்த ஓடையில், எதைப் பெறுவது என்பதை வாசிப்பவரே தீர்க்கின்றார். திகதியே வரிசையை வகுக்கின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை தகும். தளம் இடம் மாறினால் ஓடை ஓசையின்றி வற்றிவிடும். வற்றியதைப் புதுச்செய்தி இல்லையென்று மயங்கக் கூடாது. 2013 ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் தன் வாசிப்பானை மூடியபோது பலர் தவித்தனர். பட்டியலைத் தனியே படியெடுத்து வைத்தோர் வேறு வாசிப்பானுக்கு எளிதில் மாறினர். ஆகவே பழைய பட்டியலை எறிந்துவிடலாகாது. மாதம் ஒருமுறை ஓடையை அதனோடு ஒப்பிடல் நலம்.

இவ்வேலையை நாற்பது மாணவர் தனித்தனியே செய்ய வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலையில் கணினி அறிந்த ஆசிரியர் ஒருவர் ஒருமுறை அமைத்துத் தந்தால், அத்தோட்டத்து லயங்கள் எல்லாவற்றுக்கும் அது பயன்படும். அவ்வாறு செய்தால், முடிவுத் திகதிக்கு மறுநாள் அறிவித்தலைக் கண்டு கலங்கும் பிள்ளைகளின் தொகை குறையும்.