கப் யாருக்கு? ஆட்டம் யாருக்கு?

(கான்சாபுரத்தில் கால்பந்து ரசிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மார்களே, பந்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

கூட்டம் தொடங்குமுன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பெரிய சண்டை. கைகலப்பு இல்லை, வாய்ச் சண்டைதான். ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்த தம்பி, "கப் மோகன் பகானுக்குத்தான், எழுதி வச்சுக்கோங்க" என்கிறார். தோப்பில் தேங்காய் வெட்டு முடித்து வந்தவர், "ஏன் மச்சான், நம்ம சென்னைக்காரன் ரெண்டு தடவை கப் வாங்கினது மறந்துபோச்சா?" என்கிறார். இன்னொருவர் மலையைக் கை காட்டி, "அந்தப் பக்கம் இருக்கிற கேரளாக்காரனைப் பாருங்க! கூட்டம்னா அதுதான் கூட்டம்" என்கிறார். உடனே மூத்தவர் ஒருவர், "கூட்டம் இருந்து என்னப்பா? மூணு தடவை பைனலுக்கு வந்து மூணையும் கோட்டை விட்டவன்தானே!" என்று போட்டார். கடையே சிரித்தது.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க, கப் யாருக்கு?" கூட்டத்தில் சொல்கிறோம் என்று தப்பித்து வந்தோம். இப்போது பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சண்டையில் தப்பு ஒன்றும் இல்லை. நாள் முழுவதும் நூலோடும் சேற்றோடும் மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு மணி நேரம் சந்தோஷமாகச் சண்டை போடப் பாத்தியதை உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆட்டம் நடக்குமா, நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறவர் யார்? டீக்கடையில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்காத காரணத்தால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

2025 ஜூலை 11. அடுத்த பருவ ஐ.எஸ்.எல். போட்டி நிறுத்திவைக்கப்படுகிறது என்று போட்டியை நடத்தும் கம்பெனி கிளப்புகளுக்குத் தெரிவித்தது. ஆட்டக்காரர்களைக் கேட்டார்களா? இல்லை. டிக்கெட் வாங்கும் ஜனங்களைக் கேட்டார்களா? அதுவும் இல்லை. ஆகஸ்டு பிறந்ததும் பெங்களூரு கிளப் தன் முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. நம் சென்னை கிளப்பும் அணியின் வேலைகளை நிறுத்திவைத்தது.

மில் தொழிலாளிகளே, இதற்கு நம் பாஷையில் என்ன பெயர்? காலையில் வேலைக்குப் போகிறோம். கேட்டில் போர்டு தொங்குகிறது: மறு அறிவிப்பு வரும்வரை ஆலை இயங்காது. கதவடைப்பு! பந்தாட்டத்திலும் கதவடைப்பு நடந்தது.

ஏன் நடந்தது? விவசாயத் தொழிலாளிகளுக்கு இது சுலபமாகப் புரியும். நம் பக்கத்துக் கண்மாய்களை மீன்பாசிக் குத்தகைக்கு விடுகிறார்களே, அதே கதைதான்.

கண்மாய் ஊருடையது. குத்தகைதாரர் பணம் கட்டி, குஞ்சு விட்டு, மீன் பிடித்துக்கொள்கிறார். அதனால் கண்மாய் அவருடையது ஆகிவிடாது. இந்தியக் கால்பந்து என்ற கண்மாய்க்கு ஊர்க் கமிட்டி மாதிரி இருப்பது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். 1937இல் ஏற்பட்டது. அந்தச் சம்மேளனம் 2010 டிசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் என்ற கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய். டெலிவிஷன், விளம்பரம், வியாபாரம் என்று ஆட்டத்தின் வருமானம் வரும் வழிகளெல்லாம் கம்பெனி கைக்குப் போயின. அந்த ஏற்பாட்டில்தான் 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு ஐ.எஸ்.எல். பிறந்தது.

குத்தகை 2025 டிசம்பர் 8இல் முடிய வேண்டும். அதற்கு மேல் என்ன என்பது சம்மேளனத்துக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். ஆனாலும் கடைசி நேரம் வரை புது ஏற்பாடு இல்லை. சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் கிடந்தது. பிறகு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் டெண்டர் போட்டிருக்கவில்லை! இந்திய அணியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் உலகச் சம்மேளனமான ஃபிபாவிடமே கைகூப்பி முறையிட வேண்டி வந்தது. கடைசியில் சர்க்கார் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14இல் 14 அணிகளோடு ஆட்டம் தொடங்கியது. முந்திய பருவத்தில் ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டம். இதில் 13தான். ஷிப்டைப் பாதியாகக் குறைத்த மாதிரி!

ஒரு தோழர் கேட்கலாம்: "கம்பெனி பணம் போடாவிட்டால் இந்த ஆட்டத்தை நாம் டி.வி.யில் பார்த்திருப்போமா?" நியாயமான கேள்விதான். பணம் போட்டார்கள், வெளிச்சம் வந்தது, மைதானத்துக்கு ஜனங்கள் வந்தார்கள். மறுக்கவில்லை. நஷ்டம் என்றுகூடச் சொல்கிறார்கள். இருக்கலாம். கணக்கைப் பொதுஜனங்கள் முன் வைக்கட்டும், பார்ப்போம். கண்மாய்க்குக் குத்தகைதாரர் வரலாம். ஆனால் குத்தகை முடிந்த அன்று தண்ணீரே இல்லை என்ற நிலைமைக்கு ஊர்க் கமிட்டி ஊரைக் கொண்டுபோய் விடலாமா? இதுதான் எங்கள் கேள்வி.

இனி, கப்புக்கு வருவோம். யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்களுக்குக் கப் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படியா?

2019 மார்ச் 9. இடம் கோயம்புத்தூர், நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. 43 புள்ளி. இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி! அன்றைக்குத் தமிழ்நாட்டு அணி ஒன்று வங்காளத்தின் பெரிய கிளப்புகளைப் பின்னே தள்ளிற்று. சரி, சாம்பியனுக்கு மேல் வகுப்பில் இடம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஐ.எஸ்.எல்.லுக்கு அன்று கீழிருந்து ஏறும் வாசலே கிடையாது. பணம் கட்டி உள்ளே வந்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. அதே 2019-20 பருவத்திலிருந்து ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்றும் ஆக்கினார்கள். ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறும் வழி 2023இல்தான் திறந்தது. பஞ்சாப் அணி முதலில் ஏறியது.

வாசல் திறந்த பிறகாவது தகராறு ஓய்ந்ததா? 2024-25 ஐ-லீக் ஆட்டங்கள் ஏப்ரலில் முடிந்தன. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ்தான் சாம்பியன் என்று சம்மேளனத்தின் அப்பீல் கமிட்டி சொன்னது. இன்டர் காசி அணி சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. ஜூலை 18இல் தீர்ப்பு வந்தது: சாம்பியன் இன்டர் காசி. யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள ரசிகன் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா? நிர்வாகம் ஒழுங்காக இருந்தால் கோல் போஸ்டிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்!

ஆகவே, யார் நிர்வகிக்கிறார்கள் என்று பார்ப்போம். 1988 முதல் 2008 வரை சம்மேளனத் தலைவர் காங்கிரஸ் தலைவர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி. அவருக்குப் பின் வந்தவர் தேசியவாத காங்கிரசின் பிரபுல் படேல். இருவரும் மத்திய மந்திரிகளாக இருந்தவர்கள். படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அவர் கமிட்டியை விலக்கி, நிர்வாகிகள் குழு ஒன்றை நியமித்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்டு மத்தியில் ஃபிபா இந்தியாவையே தடை செய்தது.

தடை யார் தலையில் விழுந்தது? பதவியில் இருந்தவர்கள் தலையிலா? இல்லை. கோகுலம் கேரளா அணியின் பெண்கள் ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டு நகரில் போய் இறங்கியிருந்தார்கள். பூட்ஸ் கட்டும் நேரத்தில், நீங்கள் ஆடக் கூடாது என்றார்கள். ஆடாமலே திரும்பினார்கள். மேலே இருப்பவர்கள் நாற்காலிக்குச் சண்டை போட்டால் கீழே இருப்பவர்கள் கூலி இழக்கிறார்கள். இது மில்லில் மட்டும் நடப்பதல்ல.

தடை 26ந்தேதி நீங்கியது. செப்டம்பர் 2இல் தேர்தல். ஒரு பக்கம் இந்திய அணியின் முன்னாள் கேப்டன், சிக்கிமின் சின்னக் கிராமத்திலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா. இன்னொரு பக்கம் பா.ஜ.க.வுக்காகத் தேர்தலில் நின்ற முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே. முடிவு 33-1. நாடறிந்த ஆட்டக்காரனுக்கு ஒரே ஓட்டு! ஜெயித்தவரும் ஆடியவர்தான்; முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் யார்? மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் மட்டும். 36 முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் ஓட்டு என்று முதலில் இருந்த ஏற்பாடு ஃபிபாவின் ஆட்சேபத்தால் போய்விட்டது.

இப்போது ஒரு முன்னேற்றம் உண்டு. 2025 செப்டம்பர் 19இல் சுப்ரீம் கோர்ட் புதிய சட்டதிட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன்படி பொதுச் சபையில் முன்னாள் ஆட்டக்காரர் 15 பேருக்கு இடம். அவர்களில் குறைந்தது ஐந்து பேர் பெண்கள். எட்டு வருஷ வழக்குக்குப் பின் கிடைத்தது. சின்ன வாசல்தான், ஆனாலும் வாசல்.

ரசிகன் என்ன செய்ய முடியும், அவன் வெறும் பார்வையாளன்தானே என்று நினைக்காதீர்கள். 2021 ஏப்ரல் 18இல் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து, தோற்றாலும் கீழே இறங்க வேண்டாத தனி லீக் ஒன்றை அறிவித்தன. அந்தக் கிளப்புகளைத் தொடங்கியவர்கள் யார்? மான்செஸ்டர் யுனைடெட்டை 1878இல் ரயில்வேத் தொழிலாளிகள் தொடங்கினார்கள். ஆர்சனலை 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் தொடங்கினார்கள். அந்தச் சொத்தையா வேலி போட்டு வளைப்பது? ரசிகர்கள் ஸ்டேடிய வாசலை மறித்தார்கள். ஆட்டக்காரர்களும் எதிர்த்தார்கள். 20ந்தேதி இரவுக்குள் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. மூன்றே நாள்! ஜெர்மனியிலோ கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று பொது விதியே உண்டு.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. குத்தகை யாருக்குப் போனாலும் ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை வெளியிட வேண்டும். நிர்வாகத் தகராறில் ஆட்டம் நின்றாலும் ஆட்டக்காரனுக்கும், புல் வெட்டுகிற தொழிலாளிக்கும் சம்பளம் நிற்கக் கூடாது. ஜெயித்த அணி மேலே ஏற வேண்டும். தோற்ற அணி, எவ்வளவு பணமிருந்தாலும், இறங்க வேண்டும். ரசிகர்களுக்கும் சபையில் குரல் வேண்டும்.

இதை டில்லிக்கு மட்டும் சொல்லவில்லை. கான்சாபுரத்திலிருந்தே தொடங்கலாம். நம் ஊர்ப் போட்டிக்கு வசூல் செய்கிறோம்; அதன் கணக்கை எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுவோம். கமிட்டியை ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் திடலில் நேரம் ஒதுக்குவோம். மதுரை சேது அணியின் பெண்கள் 2019இல் லூதியானா வரை போய் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1இல் வென்று இந்தியச் சாம்பியன் ஆனார்களே! அவர்கள் எங்கோ தூரத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளாலும் முடியும்.

கடைசியாக, டீக்கடைத் தோழர்களுக்கு எங்கள் பதில். கப் யாருக்கு என்று எங்களால் சொல்ல முடியாது. அது மைதானத்தில் முடிவாக வேண்டிய விஷயம். மைதானத்திலேயே முடிவாக வேண்டும் என்றால் ஆட்டம் யாருக்கு என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். இன்றிரவும் டீக்கடையில் சண்டை போடுங்கள். மோகன் பகானா, சென்னையா, கேரளாவா என்று தாராளமாகப் போடுங்கள். அதோடு இந்தக் கேள்வியையும் மேஜைமேல் எடுத்து வையுங்கள்.