உட்செவியைக் கண்வழியே அறியும் சோதனை

விழித்திருக்கும் மனிதனின் தலை அசையாமல் நிற்கும் நேரம் மிகக் குறைவு. நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் அது அதிர்கிறது, பேச்சுக்கு நடுவே திரும்புகிறது, பேருந்தில் குலுங்குகிறது. ஆயினும் எதிரே தெரியும் கடைப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் கலங்காமல் படிக்கக் கிடைக்கின்றன. இது கண்ணின் திறமை என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அதற்கான கட்டளை பிறக்கும் இடம் உட்செவியாகும். தலையை அசைக்காமல் செய்தித்தாளை மட்டும் வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் எழுத்துகள் கலங்கிவிடுகின்றன; தாளை நிலையாக வைத்துத் தலையை அதே வேகத்தில் ஆட்டினால் வரிகளைப் படிக்க முடிகிறது. முதல் நிலையில் கண், பார்வையை மட்டும் நம்பி அசைவைத் தொடர்கிறது. அதற்கு ஒரு விநாடியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. இரண்டாவது நிலையிலோ உட்செவியின் செய்தி, தொடராக அமைந்த மூன்றே நரம்புச் செல்களின் வழியாக, சுமார் 10 மில்லிவிநாடிக்குள் விழித்தசைகளை எட்டி, தலை திரும்பும் திசைக்கு எதிர்த்திசையில் அதே அளவு கண்ணைத் திருப்பிவிடுகிறது.

அந்தச் செய்தியை உண்டாக்குபவை, ஒவ்வொரு செவியிலும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ள மூன்று அரைவட்டக் குழல்கள். தலை திரும்பும்போது குழலுக்குள் இருக்கும் திரவம், பேருந்து திடீரென்று கிளம்புகையில் நிற்பவர் பின்னோக்கிச் சாய்வதைப் போலப் பின்தங்கி, அங்குள்ள மெல்லிய கூழ்மத் தடுப்பை வளைக்கிறது; அதில் பதிந்திருக்கும் நுண்மயிர்கள் வளைய, நரம்பில் மின்துடிப்பு மாறுகிறது. இந்த நரம்பு, தலை அசையாதபோதும் இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கிறது. தலை வலப்புறம் திரும்பினால் வலச்செவி நரம்பின் துடிப்பு கூடுகிறது, இடச்செவியினது குறைகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே மூளை திருப்பத்தின் அளவை உணர்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஹால்மாகி, கர்த்தாய்ஸ் என்னும் இருவரும் 1988-இல் விவரித்த தலை உந்துச் சோதனை இந்த அமைப்பையே பயன்படுத்திக்கொள்கிறது. நோயாளி தம் பார்வையை மருத்துவரின் மூக்கில் நிறுத்துகிறார். மருத்துவர் அவர் தலையை இரு கைகளாலும் பற்றி, எந்தப் பக்கம், எப்போது என்று முன்கூட்டி அறிய முடியாதபடி, 10 முதல் 20 பாகை வரை சட்டென்று திருப்புகிறார். உட்செவி நலமாக இருந்தால் பார்வை மூக்கைவிட்டு விலகுவதில்லை. வலச்செவி செயலிழந்திருந்தால், தலையை வலப்புறம் திருப்பும்போது கண்களும் தலையோடு சேர்ந்து போய்விட்டு, மறுகணம் ஒரு தாவலில் மூக்குக்குத் திரும்பி வருகின்றன. மருத்துவர் தேடுவது அந்தத் தாவலைத்தான்.

திருப்பத்தின் வேகமே இங்கு உயிர்நிலை. மெதுவாகத் திருப்பினால் பார்வையைக் கொண்டே மூளை ஈடுசெய்துவிடும். நலமாக உள்ள மறுசெவியும் தன் துடிப்பைக் குறைத்துப் போதிய செய்தியைத் தந்துவிடும். ஆனால் துடிப்பு கூடுவதற்கு நிறைய இடமிருக்க, குறைவதற்கோ பூச்சியம் என்ற எல்லை இருக்கிறது. வேகமான திருப்பத்தில் மறுசெவி அந்த எல்லையைத் தொட்டு அடங்கிவிடுவதால், திரும்பும் பக்கத்துச் செவி தனித்துநின்று தன் நிலையை வெளிப்படுத்துகிறது. தலை உந்துச் சோதனைக்கு முன் நெடுங்காலம் கையாளப்பட்டது, செவிக்குள் வெந்நீரும் குளிர்நீரும் மாறிமாறிச் செலுத்தி விழியின் ஆட்டத்தைக் கவனிக்கும் முறை. அதன் விளக்கத்துக்காக வியன்னாவின் ராபர்ட் பாரானி 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அது இன்றும் பயன்படும் அருமையான சோதனை; எனினும் அது தரும் தூண்டல், அன்றாடத் தலையசைவைவிட மிக மெதுவானது.

தலை உந்துச் சோதனையின் மிகப் பெரிய பயன் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. மணிக்கணக்கில் ஓயாத தலைச்சுற்றலும் வாந்தியும் தள்ளாட்டமுமாக வருபவருக்கு உட்செவி நரம்பில் அழற்சி இருக்கலாம். அல்லது மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ பக்கவாதம் ஏற்பட்டிருக்கலாம். இத்தகையவரிடம் தாவல் தெரிந்தால் பழுது பெரும்பாலும் செவியைச் சார்ந்தது. சோதனை இயல்பாக அமைந்தால்தான் பக்கவாதம் என்று அஞ்ச வேண்டும். இயல்பான முடிவே அபாயத்தைக் குறிக்கும் இந்த நிலையைப் பழகாதவர் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதால், மருத்துவக் கல்வியில் இது அழுத்தமாகக் கற்பிக்கப்பட வேண்டும். இதனுடன், பார்க்கும் திசைக்கேற்ப விழியாட்டத்தின் திசை மாறுகிறதா, கண்கள் மேலும் கீழுமாக விலகி நிற்கின்றனவா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை 2009-இல் வெளியானது. பயிற்சி பெற்றவர் கையில் அது, முதல் 48 மணி நேரத்தில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தையே விஞ்சுகிறது, சி.டி. ஸ்கேனோ இப்பகுதியின் தொடக்கநிலைப் பக்கவாதத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. உட்செவிக்குக் குருதி தரும் தமனியே அடைபட்டால் பக்கவாதத்திலும் தாவல் தோன்றும். ஆகவே தலைச்சுற்றலோடு திடீரென்று காதும் கேளாமற்போனால் கூடுதல் எச்சரிக்கை தேவை. படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் வந்துபோகும் கிறுகிறுப்புக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கழுத்துக்குத் தீங்கு நேரலாம் என்பதால் வீட்டில் ஒருவர் மற்றவருக்கு இதைச் செய்து பார்ப்பதும் கூடாது.

சில நோயாளிகளிடம் தாவல், தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே நிகழ்ந்துவிடுவதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதைப் பிடிக்க இலேசான கண்ணாடிச் சட்டத்தில் அதிவேகக் கேமராவைப் பொருத்திய கருவிகள் வந்துள்ளன. அவை ஆறு குழல்களையும் தனித்தனியே அளக்கின்றன.

மருந்துகளால் நேரும் பழுதையும் இச்சோதனை காட்டிக்கொடுக்கும். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை இரு செவிகளின் சமநிலை உறுப்பையும் அழிக்க வல்லவை. கேட்கும் திறன் கெடாமலும் இது நேரலாம்; இருபுறமும் சமமாகக் கெடுவதால் தலைச்சுற்றல்கூட இல்லாமற்போகலாம்; ஆகவே பலரிடம் இது கண்டறியப்படாமலே போகிறது. ஸ்ட்ரெப்டோமைசினால் இவ்வாறு பாதிக்கப்பட்ட அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952-இல் தம் நிலையை எழுதியிருக்கிறார்: நாடித்துடிப்பில் தலை அதிர்வதே எழுத்துகளைக் குதிக்கச் செய்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்தே அவரால் படிக்க முடிந்தது. இத்தகையவரிடம் தலையை எப்பக்கம் உந்தினாலும் தாவல் தெரியும். அழிந்த உறுப்பு பெரும்பாலும் மீள்வதில்லை. ஆனால் ஓர் எழுத்தின்மேல் பார்வையை நிறுத்தித் தலையை இருபுறமும் திருப்பும் பயிற்சியை நாள்தோறும் செய்யச் செய்ய, மூளை வேறு வழிகளில் ஈடுசெய்யக் கற்று, பார்வையின் கலக்கம் படிப்படியாகக் குறைகிறது.