சாடியில் விளைந்த நெல்

நம் நாட்டில் குடி என்றால் சாராயம். தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிப்பது. பியர் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. நுவரெலியாவில் 1881இல் அதற்கொரு வடிசாலை எழுந்தது. ஆனால், தானியத்தைப் புளிக்கவைத்து, வடிக்காமலே அருந்தும் வித்தை தமிழனுக்குப் புதிதன்று.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்புக்கு நம்மை அழைத்துப் போகிறார். குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். கூடவே சுட்ட மீன்!

முளை எதற்கு? தென்னம்பாளையில் ஊறுவது ஏற்கெனவே சீனி. அரிசியில் இருப்பதோ மாப்பொருள். அதைச் சீனியாக்கும் நொதியம் முளையில் இருக்கிறது. பார்லி பியருக்கும் இதே கணக்குத்தான். புலவர் நொதியத்தை அறியார், முளையை மறக்கவில்லை.

முஸ்லிம் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இப்பகுதியைத் தாண்டிப் போகும் ஆசிரியர்கள் உண்டு. ஹராமான விடயம், ஏன் வில்லங்கம் என்பார்கள். நான் தாண்டுவதில்லை. பாட்டு யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. ஒரு தொழிலைக் கூர்ந்து பார்த்திருக்கிறது, அவ்வளவே. சவளக்கடை வயற்பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்கட வாப்பா விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டுவார், சேர். அந்த முளையைக் கடிச்சா இனிக்கும். அதுதானா இது?"

அதுதான் என்றேன்.