தாய்ப்பலகை மாறிய பின் கணினி தரும் சாட்சியம்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிவுக்கு வந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் ஓரளவு புதிய புரோசசரையும் கட்டாயமாகக் கேட்பதால், பத்தாண்டு பழைய மேசைக் கணினியை வைத்திருப்போர் பலர், பெட்டியையும் வன்தட்டையும் பவர் சப்ளையையும் அப்படியே வைத்துக்கொண்டு, பாகங்கள் அனைத்தும் பொருத்தப்படும் மதர்போர்ட் எனப்படும் தாய்ப்பலகையையும் அதற்கேற்ற புரோசசரையும் ரேம் என்னும் நினைவகத்தையும் மட்டும் மாற்றுகின்றனர். சிக்கனமான இவ்வழியில் பிழை ஒன்றுமில்லை. எனினும், மாற்றிய சில நாட்களிலேயே ஒலி வராமற் போவதும், இணையம் இணையாமற் போவதும், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகிக் கணினி தானாக மீளத் தொடங்குவதும் பலருக்கு நேர்கின்றன. இலங்கையின் மலையகத்தில் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற இடங்களில் உள்ளோர் ஒரு பாகத்துக்காக ஹட்டனுக்கும், அங்கும் கிடையாவிடில் கொழும்புக்கும் செல்ல வேண்டியிருப்பதால், எது பழுது என்று அறியுமுன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இங்கு மிகவும் செலவுள்ள முறையாகும். கணினி விழும்போது பெரும்பாலும் அதற்கான தடயத்தைத் தானே எழுதிவைக்கின்றது என்பதும், அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்குப் பணம் தேவையில்லை என்பதுமே இவ்வுரை வலியுறுத்தும் கருத்து.

முதலில் ட்ரைவர் எனப்படும் இயக்கி யாதென்று காண்போம். ஒலிச்சில்லு, வலையமைப்புச் சில்லு, வன்தட்டுக் கட்டுப்படுத்தி முதலிய ஒவ்வொன்றுக்கும் எவ்வாறு கட்டளையிடுவது என்பதைப் பணிசெயல் முறைமைக்கு அறிவிக்கும் சிறு மென்பொருளே இயக்கி. பழைய தாய்ப்பலகையில் நிறுவப்பட்ட விண்டோஸை அப்படியே புதிய பலகையில் ஓடவிடுவது, ஒரு தோட்டத்தின் செக்ரோல் எனப்படும் பெயரேட்டை எடுத்துப்போய் வேறொரு தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு ஒப்பாகும். கூப்பிடப்படுவோர் பலர் அங்கிருக்கமாட்டார்கள், அங்கு நிற்போர் பலரது பெயர் ஏட்டில் இராது. விண்டோஸ் 10உம் 11உம் இந்த ஏட்டைப் பெருமளவு தாமே திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையவை எனினும், திருத்தப்படாது எஞ்சும் வரிகளிலிருந்தே தொல்லை தொடங்குகின்றது.

ஓர் ஒலிச்சில்லின் இயக்கி பிழை செய்தால் ஒலி மட்டும் நின்றுபோகாமல் முழுக்கணினியும் விழுவது ஏன் என்று நேயர்கள் வினவலாம். இயக்கிகளிற் பல, கேர்னல் எனப்படும் முறைமையின் உட்கருவோடு ஒரே அதிகார மட்டத்தில் இயங்குகின்றன. அங்கே நிகழும் தவறு நினைவகத்தில் உள்ள எதனையும் கெடுக்கக்கூடும் என்பதால், தரவு பழுதாவதைக் காட்டிலும் நின்றுவிடுவதே நலம் என்று முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பை அதன் கேர்னல் இயக்கி படித்தபோது, மைக்ரோசொஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் உலகெங்கும் வீழ்ந்தன. அன்று அக்கணினிகளின் வன்பொருளில் குறை இருக்கவில்லை. நீலத்திரை தோன்றியவுடன் புதிய தாய்ப்பலகையைப் பழுதென்று தீர்ப்பது எத்துணை அவசரமானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

பலகையை மாற்றுமுன் செய்யவேண்டியவை சிலவே. ஆவணங்களையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி செய்வது முதலாவது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதங்கள் உள்ளோர் அவ்வெழுத்துருக் கோப்பையும் சேர்த்தெடுக்காவிடில், புதிய நிறுவலில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் வசதி இயங்குமாயின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலை எழுதிவைத்தல் இன்றியமையாதது. ஏனெனில் பூட்டின் திறவு பழைய பலகையின் பாதுகாப்புச் சில்லோடு பிணைந்திருக்கும். புதிய பலகைக்குரிய வலையமைப்பு இயக்கியை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கிவைப்பதும் நன்று. அது தவறியவர்கள் அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைத் தற்காலிகமாகப் பகிரலாம்.

மாற்றிய பின் விண்டோஸ் தொடங்காமலே நின்று, இனக்செசிபிள் பூட் டிவைஸ் என்ற சொற்றொடரைக் காட்டினால், தான் குடியிருக்கும் வன்தட்டையே முறைமையால் அணுக முடியவில்லை என்பது பொருள். பழைய பலகையில் வன்தட்டுக் கட்டுப்படுத்தி ஏ.எச்.சி.ஐ. முறையிலும் புதியதில் ரெய்ட் முறையிலும், அல்லது மறுதலையாக, அமைந்திருப்பது இதற்குப் பொதுவான காரணம். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பில் பழைய முறையையே தெரிவுசெய்தால் பெரும்பாலும் சரியாகும். வன்தட்டு எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்து, புதிய பலகை யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையை மட்டும் ஏற்குமாயின், தரவை அழிக்காமலே அதை மாற்றும் கருவி 2017ஆம் ஆண்டு முதல் விண்டோஸிலேயே உள்ளது. இவை எதற்கும் வழிப்படாவிடில், பிரதியெடுத்த துணிவோடு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே தெளிவான வழி.

இனி, திருத்துவோர் பலரும் கவனியாது விடுகின்ற, ஆனால் இத்துறையில் மிக அழகான ஒரு பகுதிக்கு வருவோம். டிவைஸ் மனேஜர் என்னும் பட்டியலைத் திறந்தால், அடையாளம் காணப்படாத பாகங்கள் மஞ்சள் வியப்புக்குறியோடு நிற்கும். அவற்றுள் ஒன்றின் பண்புகளைத் திறந்து, விபரங்கள் என்ற பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்பதைத் தெரிவுசெய்தால், வி, ஈ, என் என்ற மூன்று எழுத்துக்களும் அவற்றைத் தொடர்ந்து நான்கு குறிகளும் காணப்படும். அந்நான்கு குறிகளும் அச்சில்லைச் செய்த நிறுவனத்தின் உலகப் பொதுவான அடையாள எண். அதையடுத்து டி, ஈ, வி என்ற எழுத்துக்களோடு வருவது சில்லின் மாதிரி எண். 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற புரோசசரின் எண்ணே அதன் அடையாளமாக நிலைத்திருக்கின்றது. 1022 என்றால் ஏ.எம்.டி. ஒன்று, பூச்சியம், ஈ, சி என்றால் தாய்வானின் ரியல்டெக். ஒன்று, பூச்சியம், டி, ஈ என்றால் என்விடியா. பலகையின் பெட்டியும் கையேடும் தொலைந்திருந்தாலும், விற்றவர் கடையை மூடிவிட்டிருந்தாலும், இந்த எட்டுக் குறிகளும் அழிவதில்லை.

இவ்வெண்ணின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புதிய நிறுவலின் பின் அடிக்கடி தென்படும் பெயர்களில் ஒன்று, பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கொன்ட்ரோலர் என்பது. தொடர்பாடல் என்ற பொருள் அதில் வருவதால் மோடம் இயக்கியைத் தேடி மணிக்கணக்காய் அலைவோர் உண்டு. எண்ணைப் பார்த்தால் 8086 என்றிருக்கும், அது பெரும்பாலும் இன்டெல் பலகையின் மனேஜ்மென்ட் எஞ்சின் என்னும் உள் நிருவாகப் பகுதியாகவே இருக்கும். எஸ்.எம். பஸ் கொன்ட்ரோலர் என்று நிற்பது, சிப்செட் எனப்படும் பலகையின் நடுவண் சில்லுத் தொகுதிக்குரிய இயக்கியை நிறுவியதும் மறைந்துவிடும். ஆகையால் சிப்செட் இயக்கியை முதலிலும், வலையமைப்பு, ஒலி, வரைகலை ஆகியவற்றை அதன் பின்னரும் நிறுவுவது நல்ல ஒழுங்கு. அன்பான நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பொருந்தாத இயக்கியைத் திணித்துப் புதிய தொல்லையை உண்டாக்கக்கூடும் என்பதால், பலகை உற்பத்தியாளரின் தளத்தில் அதே மாதிரிக்கும் அதே திருத்தப் பதிப்புக்கும் உரிய இயக்கியை எடுப்பதே பாதுகாப்பு.

இயக்கிகளெல்லாம் சரியான பின்னும் கணினி விழுமாயின், அப்போதுதான் அதன் சாட்சியத்தைப் படிக்கவேண்டும். அண்மைய விண்டோஸ் 11 பதிப்புகளில் கறுப்பாகத் தோன்றும் வீழ்ச்சித்திரை சில நொடிகளில் மறைந்துவிட்டாலும், விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற உட்கோப்புறையில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு சிறு பதிவு சேமிக்கப்படுவது வழக்கம். மைக்ரோசொஃப்டின் வின்டிபக், நிர்சொஃப்டின் புளூஸ்கிரீன்வியூ ஆகிய இலவசக் கருவிகள் அதைத் திறந்து காட்டும். பதிவுகள் பலவற்றில் ஒரே இயக்கியின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தால் ஐயம் அதன்மேல் வலுக்கின்றது. அதை நீக்கிச் சரியான பதிப்பை நிறுவிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரும் வெவ்வேறு காரணமும் வந்தால், இயக்கிகளை விட்டு நினைவகத்தைச் சோதிப்பதே முறை. முறைமையின் உட்கருக் கோப்பின் பெயரே வந்தால் அதைக் குற்றவாளியாகக் கொள்ளலாகாது, ஏனெனில் பிறர் செய்த பிழை வெளிப்படும் இடமாகவே அது பெரும்பாலும் அமைகின்றது. வீயா என்று தொடங்கும் 124ஆம் இலக்கப் பிழை, வன்பொருளே முறையிட்ட ஒன்று. பதிவே இல்லாமல், ஈவென்ட் வியூவர் எனப்படும் நிகழ்வுப் பதிவேட்டில் கேர்னல் பவர் 41 என்ற குறிப்பு மட்டும் இருக்குமாயின், கணினி முறையாக மூடப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிப்பதில்லை. மின்வழங்கல், வெப்பம் ஆகியவற்றை அப்போது ஆராய வேண்டும்.

வன்பொருளா இயக்கியா என்ற ஐயத்தைத் தீர்க்க மேலும் ஒரு செலவற்ற சோதனை உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையொன்றைப் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே ஓடவிட்டால், விண்டோஸின் இயக்கி எதுவும் அங்கு தலையிடாது. அதிலும் கணினி விழுமாயின் குறை பெரும்பாலும் வன்பொருளிலேயே உள்ளது. மெம்டெஸ்ட்86 என்ற கருவியை இரவு முழுதும் ஓடவிட்டு, பிழை காட்டினால் நினைவகத் தண்டுகளை ஒவ்வொன்றாகத் தனித்துச் சோதிக்கலாம். நினைவகத்தின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை அணைத்துப் பார்ப்பதும், நான்கு துளைகள் உள்ள பலகையில் இரு தண்டுகளைக் கையேடு சொல்லும் துளைகளில், பொதுவாகப் புரோசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும், பொருத்துவதும் பல வீழ்ச்சிகளை நிறுத்திவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கும் மேலே, மழைமூட்டமும் ஈரக்காற்றும் நெடுநாள் நீடிக்கும் டிக்கோயா போன்ற ஊர்களில், பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும் பாகங்களின் தொடுமுனைகளில் படலம் படிவது எளிதாகையால், மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, மென்மையான அழிறப்பரால் அவற்றைத் துடைத்து, தூசு நீக்கி மீண்டும் அழுத்திப் பொருத்துவது பயன் தரும். இடியும் மின்னலும் உள்ள மாலைகளில் செருகியைக் கழற்றிவைப்பதும், புதிய புரோசசரின் தேவைக்குப் பழைய பவர் சப்ளை போதுமா என்று பார்ப்பதும் அவற்றோடு சேர்பவை.

நேரம் நெருங்குகின்றமையால் சுருங்கச் சொன்னால், பிரதியெடுத்தல், சிப்செட்டிலிருந்து தொடங்கும் ஒழுங்கு, எண்ணைக் கொண்டு பாகத்தை அறிதல், பதிவைப் படித்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் ஆகிய ஐந்துமே போதுமானவை. இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் இருந்தால் பாடசாலை மாணவர் ஒருவரும் செய்யலாம். தோட்டத்து வீடுகளில் ஒரு கணினி என்பது பிள்ளைகளின் கல்விக்காகப் பெற்றோர் பலகாலம் சேர்த்த பணத்தின் பயனாகையால், அதைக் காத்துக்கொடுக்கும் அறிவு இம்மலையகத்து இளையோர் கையிலேயே வளர வேண்டும், அயலவர் வீட்டுக் கணினியையும் அவர்களே நம்பிக்கையோடு திறந்து பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தோடு இவ்வுரை நிறைவுறுகின்றது.